பழைய டர்போ எக்லிப்ஸில் எஞ்சின் நின்றுவிடுகிறது: ஐடில் மோட்டார்தான் காரணமா?

பழையஎக்லிப்ஸ் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு மாடல் மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஜிஎஸ்எக்ஸ். 4ஜி63 டர்போ எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் வண்டி. வயதுக்கு ஏற்ற தேய்மானம் இருந்தாலும் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டர்களிலும் ஏறக்குறைய சமமாக வருகிறது, எண்ணெய் எரியும் புகை கிடையாது. ஆனால் சில மாதங்களாக எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. இதனால் இந்த வண்டியை நம்பி வெளியே எடுப்பதற்கே தயக்கமாக இருக்கிறது.

பெரும்பாலும் சிக்னலுக்கு வந்து நிற்கும்போது இது நடக்கிறது. ஓரளவு வேகமாக, டர்போ நன்றாக வேலை செய்யும்படி ஓட்டிவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்தால், ஆர்பிஎம் முள் ஐடிலுக்குரிய (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகமான) 750இல் நிற்காமல் 400 வரை இறங்குகிறது. சில நேரம் எஞ்சின் தடுமாறி மீண்டுகொள்ளும். சில நேரம் அப்படியே அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். இதல்லாமல், நீண்ட தூரம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதும் உண்டு. அப்படி நின்றால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

ஸ்பார்க் பிளக், பிளக் வயர், ஃபியூயல் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றிவிட்டேன். த்ராட்டில் பாடியையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. செக் எஞ்சின் விளக்கு எரிவதில்லை. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் புளோ ஆஃப் வால்வை மாற்றி, காற்றை வெளியே விடும் வகையைப் பொருத்தியிருக்கிறார். மற்றபடி டர்போ, இன்டர்கூலர், இன்ஜெக்டர் எல்லாம் வண்டியோடு வந்தவைதான். விசாரித்த இடத்தில், ஐடில் மோட்டாரையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இவை இரண்டும் எளிதில் கிடைக்காத, விலை கூடிய பாகங்கள் என்பதால், வாங்குவதற்கு முன் நானே எதையெல்லாம் சோதித்து உறுதி செய்துகொள்ளலாம் என்பதை இந்த எஞ்சினோடு பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மல்டிமீட்டரும், பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பார்க்கும் டைமிங் லைட்டும் கைவசம் உள்ளன.

ஸ்பேனர்14 எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ஆர்பிஎம் படிப்படியாகச் சரிந்து அணைந்து, உடனே ஸ்டார்ட் ஆவது காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்கில் உள்ள சிக்கல். சூட்டில் சட்டென்று நின்று, ஆறும்வரை பிடிக்காமல் இருப்பது அநேகமாக மின்சாரம் சார்ந்தது. இரண்டையும் ஒரே நோயாக எண்ணி மருந்து தேடினால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் வண்டி நிற்கும். சரியாக மாற்றிய பாகத்தின்மேலேயே சந்தேகம் திரும்பும். ஆகவே அடுத்த முறை நிற்கும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்து, சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் ஒரே வீச்சில் பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் சமிக்ஞை அறுந்துவிட்டது என்று பொருள். முள் எஞ்சினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பொறி வந்துகொண்டிருக்கிறது. குறை வேறு இடத்தில்.

சிக்னலில் நிற்கும் கோளாற்றைப் பொறுத்தவரை, என் முதல் சந்தேகம் அந்தப் புளோ ஆஃப் வால்வின்மேல்தான். இந்த வண்டியின் ஏர்ஃப்ளோ சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. காற்று ஒரு தடுப்பைக் கடக்கும்போது அதன் பின்னால் உருவாகும் கார்மன் சுழல்களை மீயொலியால் எண்ணி, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தக் கணக்குக்கு ஏற்ற பெட்ரோலை ஈசியூ விடுகிறது. இப்போது நீங்கள் பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தரும் நிலையில் இருந்து காலை எடுக்கிறீர்கள், த்ராட்டில் மூடிக்கொள்கிறது, குழாய்க்குள் அழுத்தத்தோடு நிற்கும் காற்றைப் புளோ ஆஃப் வால்வு வெளியே விடுகிறது. வண்டியோடு வந்த வால்வு அந்தக் காற்றை டர்போவின் நுழைவுக் குழாய்க்கே திருப்பி அனுப்பும். வெளியே விடும் வால்வோ ஏற்கெனவே எண்ணப்பட்ட காற்றை வானத்தில் விட்டுவிடுகிறது. காற்று போய்விட்டது, அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வருகிறது. கலவை அளவுக்கு மீறிச் செறிவாகி எஞ்சின் திணறுகிறது. கிளட்சும் மிதிக்கப்பட்டிருப்பதால் அந்தத் திணறலிலிருந்து எஞ்சினைத் தூக்கிவிட வேறு எந்த விசையும் இல்லை.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. சந்தையில் கிடைக்கும் சில வால்வுகளின் ஸ்பிரிங் மென்மையானது. ஐடிலில் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயில்) இருக்கும் வேக்கமே, அதாவது வெற்றிட இழுப்பே, அதை இலேசாகத் திறந்து வைத்துவிடும். அப்போது சென்சார் பார்க்காத காற்று அந்த வழியாக உள்ளே வந்து, கலவை நேர்மாறாக மெலிந்துபோகும். ஆகவே காலை எடுத்தவுடன் செறிவு, ஐடிலுக்கு வந்தபின் மெலிவு என்று ஒரே வால்வு இரண்டு விதமாகவும் படுத்தலாம். அதைக் கழற்றிவிட்டு, காற்றைத் திருப்பி அனுப்பும் பழைய வகை வால்வைப் பொருத்தி, திரும்பும் ஹோஸையும் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பாருங்கள். இந்த எஞ்சினில் ஏர்ஃப்ளோ சென்சாரை வைத்துக்கொண்டு வெளியே விடும் வால்வைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கு எரியவில்லை என்பதால் ஈசியூவிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டாஷ்போர்டின் கீழ் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள டயக்னாஸ்டிக் கனெக்டரில், 1ஆம் பின்னுக்கும் எர்த்தாகிய 12ஆம் பின்னுக்கும் இடையில் முள் உள்ள பழைய வகை வோல்ட்மீட்டரை இணைத்து, சாவியை ஆன் நிலையில் வையுங்கள். முள்ளின் நீண்ட வீச்சுகள் பத்தையும் குறுகிய வீச்சுகள் ஒன்றையும் குறிக்கும். முள் சீராகத் தொடர்ந்து துடித்துக்கொண்டே இருந்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்க்கும் கோளாறு எண்கள் 12, 14, 22, 24 ஆகியவை. முறையே ஏர்ஃப்ளோ சென்சார், த்ராட்டில் சென்சார், எஞ்சினின் சுழற்சி நிலையைச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சார், வேக சென்சார். பேட்டரியைக் கழற்றினால் பதிவுகள் அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேக சென்சாரைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும், காந்தத்தால் இயங்கும் சிறிய ரீட் சுவிட்ச்தான் வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பதை ஈசியூவுக்குச் சொல்கிறது. அது பழுதானால், வண்டி உருண்டு வந்து நிற்கும் நேரத்தில் ஐடிலைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது ஈசியூவுக்குத் தெரியாமல் போகும். ஸ்பீடோமீட்டர் முள் சரியாக ஓடினாலும் ரீட் சுவிட்ச் செத்திருக்கலாம். முள்ளும் சுவிட்சும் தனித்தனி.

மின்சுற்று எழுதியது:

மேலே உள்ள மறுமொழியோடு முழுமையாக உடன்படுகிறேன். ஐடில் மோட்டாரையும் ஈசியூவையும் பற்றி மட்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவற்றை எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பதே முக்கியம்.

த்ராட்டில் பாடியின் அடியில் இருக்கும் ஐடில் மோட்டார் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். த்ராட்டில் தட்டைச் சுற்றிச் செல்லும் ஒரு பக்கவழியை அதன் ஊசிமுனை திறந்தும் மூடியும் ஐடிலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே நான்கு சுருள்கள் உள்ளன. கனெக்டரைக் கழற்றி, மோட்டார் பக்கத்தில் 2ஆம் பின்னுக்கும் 1, 3 ஆகியவற்றுக்கும் இடையிலும், 5ஆம் பின்னுக்கும் 4, 6 ஆகியவற்றுக்கும் இடையிலும் மின்தடையை அளந்து பாருங்கள். 20 டிகிரி வெப்பநிலையில் ஒவ்வொன்றும் 28 முதல் 33 ஓம் வரை இருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தச் சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், மோட்டாரை இயக்கும் ஈசியூவின் டிரைவர் எரிந்துபோகும். அந்த நிலையில் பழைய மோட்டாரை விட்டுவிட்டு ஈசியூவை மட்டும் மாற்றினால் புதிதாக வந்ததும் எரியும். எரிந்த ஈசியூவை வைத்துக்கொண்டு புதிய மோட்டாரை மட்டும் போட்டாலும் பயன் இருக்காது. அளக்காமல் இரண்டையும் வாங்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை. சாவியை ஆன் செய்து ஆஃப் செய்யும்போது த்ராட்டில் பாடியில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் நகரும் மெல்லிய கரகரப்பு கேட்க வேண்டும். அது கேட்டால் இந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தள்ளி வைக்கலாம்.

ஈசியூவில் பார்க்க வேண்டியது வேறு. அந்த ஆண்டுகளின் ஈசியூ பலகையில் உள்ள மின்பகுளி கெப்பாசிட்டர்கள் இத்தனை வருடங்களில் கசிந்து போவது பரவலாகத் தெரிந்த விஷயம். அது பாகத்தின் வயது செய்யும் வேலை. எந்த மின்னணுப் பலகைக்கும் நேரக்கூடியது. நடுக் கன்சோலுக்கு முன்னால், ரேடியோவுக்குக் கீழே இருக்கும் பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்தவுடன் மூக்கை அருகே கொண்டுபோங்கள். கெட்டுப்போன மீன் வாடை அடித்தால் கசிவு நடந்திருக்கிறது. கெப்பாசிட்டரின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பும், பலகையின் செம்புக் கோடுகள் கறுத்தோ பச்சையேறியோ இருப்பதும் கண்ணுக்கே தெரியும். கோடுகள் அரிபடாமல் இருந்தால், பலகையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே அளவுள்ள, 105 டிகிரி தாங்கக்கூடிய புதிய கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்தால் போதும். கோளாறு தென்படாவிட்டாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. கசிவு கோடுகளை அரித்த பிறகு செய்யும் பழுதுபார்ப்பு பல மடங்கு கடினம்.

கூலன்ட் வெப்ப சென்சாரையும் அளந்துவிடுங்கள். 20 டிகிரியில் ஏறக்குறைய 2.4 கிலோஓம், 80 டிகிரியில் சுமார் 0.3 கிலோஓம் காட்ட வேண்டும். டாஷ்போர்டு முள்ளுக்கான சென்சார் தனி. ஈசியூவுக்கானது இரண்டு பின்கள் கொண்டது. சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று ஈசியூ நினைத்தால் தேவைக்கு மேல் பெட்ரோல் விடும். அதுவும் ஐடிலைக் கெடுக்கும்.

பழையஎக்லிப்ஸ் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்ததன் விவரம் இதோ.

ஐடில் மோட்டாரின் நான்கு சுருள்களும் 29 ஓமுக்கும் 31 ஓமுக்கும் இடையில் இருக்கின்றன. சாவியைத் திருப்பும்போது அந்தக் கரகரப்பும் கேட்கிறது. ஈசியூவைத் திறந்தேன். வாடை இல்லை, ஆனால் ஒரு கெப்பாசிட்டரின் காலடியில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்ததால், மின்னணு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிக்கொண்டேன். செம்புக் கோடுகள் எதுவும் அரிபடவில்லை. கூலன்ட் சென்சாரின் அளவுகள் சரியாக உள்ளன. வேக சென்சாரையும் சோதித்தேன்: வண்டியைக் கையால் மெல்லத் தள்ளும்போது ஈசியூவுக்குச் செல்லும் வயரில் வோல்டேஜ் மாறி மாறி ஏறி இறங்குகிறது.

புளோ ஆஃப் வால்வைப் பழைய வகைக்கு மாற்றி, திரும்பும் ஹோஸையும் இணைத்துவிட்டேன். பூஸ்ட்டில் இருந்து காலை எடுத்தவுடன் அணைவது நின்றுவிட்டது. வித்தியாசம் உடனே தெரிந்தது. ஆனால் மெதுவாக ஓட்டிவந்து நிற்கும்போது எப்போதாவது முள் 500 வரை இறங்கித் தடுமாறுவது இன்னும் இருக்கிறது. குறிப்பாக, கியரில் இருந்தபடியே காலை எடுத்து வண்டி இழுபட்டு வேகம் குறையும்போது இது அதிகம்.

சூட்டில் நிற்கும் கோளாறும் மீண்டும் வந்தது. மூன்றாம் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது முள் நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்தது. ஸ்பேனர்14 எழுதியது போலவே. வண்டியை ஓரம் கட்டி, சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டுக் கோளாறு எண்ணைப் படித்தேன். வோல்ட்மீட்டரில் 22 தெளிவாக வந்தது. கிராங்க் ஆங்கிள் சென்சாரை உடனே வாங்கிவிடலாமா, அல்லது வயரிங்கில் இருக்கலாமா?

மின்சுற்று எழுதியது:

22 வந்திருப்பது நல்ல தடயம். இருந்தாலும் அது சொல்வது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது கிராங்க் சமிக்ஞை ஈசியூவுக்கு வரவில்லை என்பது மட்டுமே. சென்சார் கெட்டதா, அதற்கு மின்சாரம் கொடுக்கும் வழி கெட்டதா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. அடுத்த முறை சூட்டில் நிற்கும்போது, ஆறுவதற்குள் பின்வருவனவற்றைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: எஞ்சின் நின்றவுடன் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிகளுக்கே தாங்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடித்து, வண்டியைச் சாலையைவிட்டு முழுவதும் விலக்கிய பிறகே பானட்டைத் திறங்கள். இந்தக் கோளாறு தீரும்வரை கனத்த போக்குவரத்தில் இந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்யுங்கள். செக் எஞ்சின் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைந்தால் ஈசியூவுக்கு மின்சாரம் கிடைக்கிறது. எரியவே இல்லையென்றால், கன்சோல் பக்கத்தில் உள்ள, ஈசியூவுக்கு மின்சாரம் தரும் எம்பிஐ ரிலேயைச் சந்தேகியுங்கள். அந்த ரிலேக்குள் உள்ள பற்றவைப்புகள் விரிசல் விட்டு, சூட்டில் பிரிந்து, ஆறினால் சேர்ந்துகொள்ளும். அறிகுறி அச்சு அசலாக உங்களுடையதைப் போலவே இருக்கும். விளக்கு எரிந்தால், ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லிவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜெக்டரின்மேல் வைத்து அதன் கைப்பிடியில் காதை வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் துணியோ முடியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் டிக் டிக்கென்று அடித்தும் பிளக்கில் பொறி இல்லையென்றால், இக்னிஷன் காயிலை இயக்கும் பவர் டிரான்சிஸ்டர்தான் குற்றவாளி. இன்ஜெக்டர் ஓசை, பொறி, ஆர்பிஎம் முள்ளின் அசைவு ஆகிய மூன்றுமே இல்லையென்றால் கிராங்க் ஆங்கிள் சென்சார் பக்கம் போகலாம்.

ஏன் சூட்டில் மட்டும் என்பதற்கு அந்த சென்சாரின் அமைப்பே விளக்கம். உங்கள் எஞ்சினில் அது கிராங்க்கில் இல்லை. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கேம் ஷாஃப்டின் முனையில் இருக்கிறது. உள்ளே துளைகள் வெட்டிய மெல்லிய உலோகத் தட்டு ஒன்று சுற்றுகிறது. அதன் ஒரு பக்கம் ஒளி உமிழும் டையோடு, மறுபக்கம் ஒளியை உணரும் டையோடு. ஒரு வரிசைத் துளைகள் கிராங்க் நிலையையும், இன்னொரு வரிசை எந்தச் சிலிண்டர் என்பதையும் சொல்கின்றன. எண்ணெய் சீல் தேய்ந்து உள்ளே எண்ணெய் புகுந்தாலோ, அந்தச் சிறு சுற்றில் ஒரு பற்றவைப்பு பலவீனமானாலோ, ஹெட்டின் வெப்பம் ஏறியதும் சமிக்ஞை அறுந்துபோகும். சமிக்ஞை போன கணமே ஈசியூ பொறியையும் இன்ஜெக்டரையும் ஃபியூயல் பம்ப்பையும் சேர்த்து நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றவில்லை என்று அதற்குத் தெரிந்தால் பெட்ரோல் பாயக்கூடாது என்பது பாதுகாப்பு ஏற்பாடு. அதனால்தான் இதைப் பலர் பம்ப் கோளாறு என்று எண்ணி பம்ப்பை மாற்றுகிறார்கள்.

வாங்குவதற்கு முன் உறுதி செய்ய எளிய வழி உண்டு. எஞ்சின் பிடிக்காமல் இருக்கும் நேரத்தில், நனைத்துப் பிழிந்த துணியை சென்சாரின் உடலில் மட்டும் சுற்றி ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். கனெக்டருக்குள்ளும் காயில் பக்கமும் தண்ணீர் படக்கூடாது. அதைத் தவிர வேறெதையும் குளிர்விக்காத நிலையில் எஞ்சின் உடனே பிடித்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கனெக்டரையும் கழற்றிப் பின்களைப் பாருங்கள்; அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் உள்ளேயும் எண்ணெய் இருக்கும்.

ஸ்பேனர்14 எழுதியது:

சூட்டுக் கோளாற்றை மின்சுற்று பார்த்துக்கொள்வார். மிச்சமிருக்கும் தடுமாற்றத்துக்கு வருகிறேன். கியரில் இழுபட்டு வேகம் குறையும்போது அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காலை எடுக்கும்போது எஞ்சின் தன் மவுண்ட்டுகளின்மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஏர்ஃப்ளோ சென்சாரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர்க் குழாய், மடிப்பு மடிப்பாக, விரிந்து சுருங்குவதற்காகவே செய்யப்பட்டது. வயதான ரப்பர் மடிப்புகளின் உள்வளைவில், அதிலும் அடிப்பக்கத்தில், வெடிப்பு விடும். நின்ற நிலையில் அந்த வெடிப்பு மூடியே இருக்கும். மேலிருந்து பார்த்தால் குழாய் முழுதாகத் தெரியும். எஞ்சின் சாயும்போது மட்டும் அது வாயைத் திறந்து, சென்சார் எண்ணாத காற்றை டர்போவுக்குள் விடும். கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். குழாயைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்துப் பாருங்கள். மேலோட்டமான பார்வை போதாது.

அதோடு அழுத்தக் கசிவுச் சோதனை ஒன்றையும் செய்துவிடுங்கள். டர்போவின் நுழைவாயில் விட்டத்துக்குப் பொருந்தும் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்ப்ரஸரில் இருந்து மெல்ல 15 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். ஏர்ஃப்ளோ சென்சாரை இதற்குள் கொண்டுவரக் கூடாது. அது அழுத்தம் தாங்காது. வால்வ் கவரில் இருந்து நுழைவுக் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸின் வழியை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி சீல்கள் பிதுங்கும். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். பிறகு சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே இன்டர்கூலர் இணைப்புகள், இன்ஜெக்டர்களின் அடி, த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனைகள் என்று வரிசையாகப் பாருங்கள். ஷாஃப்டின் முனையில் நுரை பொங்கினால் அதன் சீல்கள் தேய்ந்துவிட்டன. இந்த எஞ்சினில் அதை எதிர்பார்த்தே போகலாம். ஆயில் ஃபில்லரின் வழியாகவோ எக்ஸாஸ்ட் வழியாகவோ மெல்லிய இரைச்சல் கேட்டால் பதற வேண்டாம். திறந்த நிலையில் நிற்கும் வால்வுகளையும் ரிங்குகளையும் கடந்து ஓரளவு காற்று போகவே செய்யும்.

கசிவுகளை எல்லாம் அடைத்த பிறகுதான் ஐடில் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். எஞ்சின் முழுச்சூட்டில் இருக்க, டயக்னாஸ்டிக் கனெக்டரின் 10ஆம் பின்னையும் டைமிங் கனெக்டரையும் எர்த் செய்துவிட்டு, அந்த ஸ்க்ரூவால் 750க்குக் கொண்டுவாருங்கள். எர்த் செய்யாமல் திருகினால், நீங்கள் ஒரு பக்கம் திருப்பத் திருப்ப ஈசியூ மறுபக்கம் ஈடுகட்டிக்கொண்டே போகும். கடைசியில் ஐடில் மோட்டாருக்கு நகர இடமே இல்லாமல் போய்விடும். பழைய வண்டிகளில் முன்பு வைத்திருந்தவர்கள் கசிவைச் சரிசெய்யாமல் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி ஐடிலைக் குறைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழையஎக்லிப்ஸ் எழுதியது:

இரண்டும் பிடிபட்டுவிட்டன. சூட்டில் நின்றபோது செக் எஞ்சின் விளக்கு வழக்கம்போல எரிந்து அணைந்தது. இன்ஜெக்டர் ஓசையும் இல்லை, பொறியும் இல்லை. ஈரத்துணியை சென்சாரில் சுற்றிய சிறிது நேரத்தில் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. சென்சாரைக் கழற்றித் திறந்து பார்த்தால், அந்த மெல்லிய தட்டின் விளிம்பு முழுவதும் கறுத்த எண்ணெய்ப் படலம். வேறொன்றைப் பொருத்திய பிறகு, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டியும் நிற்கவில்லை.

ரப்பர்க் குழாயில் ஸ்பேனர்14 சொன்ன இடத்திலேயே, அடிப்பக்க மடிப்பில், விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. கழற்றிக் கையால் வளைக்கும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை. த்ராட்டில் ஷாஃப்டின் ஒரு முனையிலும் நுரை பொங்கியது. இரண்டு சீல்களையும் மாற்றினேன். ஐடில் ஸ்க்ரூ, நீங்கள் எழுதியது போலவே, முழுக்க இறுகியிருந்தது. அதை முறைப்படி 750க்கு வைத்த பிறகு, எந்த வேகத்தில் இருந்து காலை எடுத்தாலும் முள் 900 வரை வந்து, அங்கிருந்து நிதானமாக 750க்கு இறங்கி நிற்கிறது. பாகங்களை வாங்கிக் குவிக்காமல் காப்பாற்றிய உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு ஐயம். சென்சாரைப் பொருத்தும்போது பழைய இடத்தில் போட்ட குறியை வைத்தே பொருத்தினேன். டைமிங்கை மீண்டும் பார்க்க வேண்டுமா?

மின்சுற்று எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய சென்சாரின் குறி புதியதற்கு ஓரிரு டிகிரி தள்ளியே பொருந்தும். டர்போ எஞ்சினில் டைமிங் முன்கூட்டி இருந்தால் பூஸ்ட்டில் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும். எஞ்சினைச் சூடாக்கி, டைமிங் கனெக்டரை எர்த் செய்து, டைமிங் லைட்டை அடித்துப் பாருங்கள்: பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளியான டிடிசிக்கு முன் 5 டிகிரி காட்ட வேண்டும், 2 டிகிரி கூடக் குறைய இருக்கலாம். சென்சாரின் நட்டுகளைத் தளர்த்தி, உடலை மெல்லத் திருப்பிச் சரிசெய்து இறுக்குங்கள். எர்த்தை எடுத்தவுடன் ஐடிலில் ஏறக்குறைய 8 டிகிரிக்கு நகர்ந்து இலேசாக அலையும். அது ஈசியூவின் வேலை, அதை நிறுத்த முயல வேண்டாம். இறுக்கிய பிறகு மறுபடியும் ஒருமுறை லைட்டை அடித்துப் பாருங்கள், நட்டை முறுக்கும்போது உடல் சற்று நகர்ந்துவிடுவது வழக்கம். கழற்றிய சென்சாரின் இருப்பிடத்தில் உள்ள ஓ ரிங்கைப் புதிதாகப் போட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதையே போட்டிருந்தால் எண்ணெய் ஹெட்டின் பக்கவாட்டில் வழிய ஆரம்பிக்கும்.